பரிசளிப்பு நாளும் ஒரு சுவரும்

ஒரு பள்ளியின் வரலாற்றை எழுத முற்படுவோர் வழக்கமாகத் தேடிச் செல்வது அடிக்கல் நாட்டிய நாளையும், முதல் தலைமையாசிரியரின் பெயரையும், நிலம் தந்த புரவலரின் பெயரையும்தான். இவை கல்லில் வெட்டப்பட்டிருப்பதால் தேடுவோர்க்கு எளிதில் கிடைக்கும். ஆனால் அந்தப் பள்ளிக்குள் யார் யாரோடு ஒரே பலகையில் அமர்ந்தார்கள், யாருடைய பெயர் மேடையில் வாசிக்கப்பட்டது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டில் முதன்முதலாக உள்ளே வந்தார்கள் என்பவை எந்தக் கல்லிலும் இரா. அவற்றுக்குச் சான்று உண்டென்றால் அது பருவ முடிவில் அச்சாகும் நாலு பக்கச் செய்தி மடலிலும், ஆண்டு விழா அழைப்பிதழிலும், பள்ளி மலரின் கடைசிப் பக்கங்களிலும் தான் இருக்கும். வரலாற்றாசிரியர் பொருட்படுத்தாத தாள்கள் அவை.

கத்தோலிக்கப் பள்ளிகளில் இவ்வழக்கம் ஆழமாக ஊன்றியது. அத்தகைய மடல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதன் அமைப்பு நமக்குப் பழக்கமானதாகவே இருக்கும். தேர்வுகள் நடந்து முடிந்த செய்தி முதலில் வரும். பிறகு முதல் மூன்று இடம் பெற்றோர் பெயர்கள், விளையாட்டு விழா, குடில் அமைக்கும் போட்டி, முதல் நன்மை வாங்கிய சிறுவர் எண்ணிக்கை, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நன்றி, மறைந்த முன்னாள் மாணவர்க்கு அஞ்சலி, பள்ளி மீண்டும் திறக்கும் நாள். பார்வைக்கு இவை வெறும் தகவல்கள். ஆனால் ஒரு நிறுவனம் ‘நாம்’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யாரையெல்லாம் அடக்குகிறது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் ஆவணம் வேறில்லை. புதுவை மண்ணில் அந்த ‘நாம்’ எப்படி விரிந்தது, எங்கே தடைபட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

நாம் நின்று பார்க்கும் இடம் மதகடிப்பட்டு. புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூரைத் தாண்டி, திருபுவனைக்கு அடுத்து வரும் ஊர். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் அங்கே இருக்கிறது. மதகின் அடியில் அமைந்த ஊர் என்பதை அதன் பெயரே சொல்கிறது. ஏரியும் மதகும் நெல்லும் சூழ்ந்த இந்தப் பகுதிக்குக் கல்விச்சாலை புதிய செய்தி அன்று.

திருபுவனைக் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் 1048. அங்கே நடந்த கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர் என்று அது கணக்குச் சொல்கிறது. வேதங்கள், வியாகரணம், வேதாந்தம், இராமாயணம், பாரதம், மனுநூல் முதலியன அங்கே ஓதுவிக்கப்பட்டன. தெற்கே பாகூரில் இன்னும் பழைய சான்று கிடைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அங்குக் கிடைத்த செப்பேடு பதிவு செய்கிறது.

இவை பெருமைக்குரிய சான்றுகள். சோழர் கல்வெட்டுகளில் ஒரு கல்லூரியின் மாணவர் தொகையும் ஆசிரியர் தொகையும் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது அரிது. ஆயினும் அந்த 260 பேர் யார் என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. வேதம் ஓதும் உரிமை பெற்றவர்க்கான சாலை அது. ஏரி வெட்டியவர், மதகு காத்தவர், நெல் அறுத்தவர் ஆகியோரின் பிள்ளைகள் அந்தத் தொகையில் இல்லை. அவர்களுடைய உழைப்பில் விளைந்த நெல்தான் சாலைக்கு மானியமாகச் சென்றது. கல்வெட்டு எண்ணிக்கையைச் சொல்கிறது. எண்ணிக்கைக்கு வெளியே நின்றவரைச் சொல்வதில்லை. பின்னாளில் வந்த பள்ளிகளையும் இதே அளவுகோலால் அளந்தால்தான் நாம் நேர்மையாக நடந்துகொண்டவர்கள் ஆவோம்.

*

பரிசளிப்பு விழா என்பது நம் ஊர்களில் இவ்வளவு இயல்பாகிவிட்டதால் அதற்கொரு பிறப்பிடம் உண்டு என்பதையே மறந்துவிட்டோம். பள்ளி ஆண்டின் முடிவில் ஊரார் முன்னிலையில் பெயர் வாசித்துப் பரிசு தரும் முறைக்கு விரிவான விதிகள் வகுத்தவர்களுள் இயேசு சபையார் முதன்மையானவர்கள். 1599இல் அச்சபை வெளியிட்ட கல்வி விதித்தொகுப்பில் பரிசுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தேர்வு எப்படி நடக்க வேண்டும், நடுவர்கள் எப்படித் தீர்மானிக்க வேண்டும், வென்றவர் பெயரை எப்படிப் பலரறிய அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளன. நாடகத்துக்கும் விதி உண்டு. நாடகம் இலத்தீனில் இருக்க வேண்டும், அரிதாகவே நடத்தப்பட வேண்டும், பெண் வேடம் கூடாது என்பன அவற்றுட் சில. உலகெங்கும் அச்சபையார் பள்ளி வைத்த இடங்களிலெல்லாம் இந்த மேடை சென்றது.

இந்த ஏற்பாட்டில் ஒரு புரட்சிகரமான கருத்து ஒளிந்திருக்கிறது. பிறந்த குடும்பத்தின் வரிசையை ஒரு நாளேனும் ஒதுக்கி வைத்துவிட்டு, எழுதிய தாளின் வரிசையில் பெயர்களை வாசிப்பது என்ற கருத்து அது. ஐரோப்பாவில் பிரபு வீட்டுப் பிள்ளையும் கைவினைஞன் பிள்ளையும் இருந்த வகுப்பில் அதன் விளைவு ஒருவிதம். வாழும் தெரு, நீர் எடுக்கும் கிணறு, பிணம் போகும் வழி அனைத்தும் சாதியால் பிரிந்து கிடந்த நம் நாட்டில் அதன் விளைவு முற்றிலும் வேறுவிதம். இங்கே பெயர் வாசிப்பதற்கு முன்னால், கேட்பவர்கள் ஒரே கூடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அதுவே பெரும் போராட்டமாயிற்று.

அப்போராட்டத்தின் பழைய காட்சி ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளது. 1745 அக்டோபரில் நடந்தது. புதுவைச் சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலால் அம்மக்கள் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டனர். தாங்களும் கிறிஸ்தவர்களாயிருக்கத் தங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்பது அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தனர். வழக்கு ஆளுநர் துய்ப்ளே வரை சென்றது. பிள்ளை வைணவர், இதில் அவருக்கு நேரடிப் பங்கில்லை. ஊர்ச் செய்தி குறித்துவைக்கும் வழக்கத்தால் எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அந்தச் சுவர் இருந்ததும் இடிந்ததும் இத்தனை தெளிவாக நமக்குத் தெரிந்திராது.

இதன் பின்னணியில் ரோமாபுரி வரை நீண்ட ஒரு விவாதமும் இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் குலவழக்கங்களில் எவற்றைத் தொடரலாம், எவற்றை விட வேண்டும் என்பதே அவ்விவாதம். ‘மலபார் சடங்குகள்’ என்று அது பெயர்பெற்றது. போப்பின் தூதர் துர்னோன் 1704இல் புதுவையிலேயே தம் தடையாணையை வெளியிட்டார். நாற்பதாண்டு வாக்குவாதத்துக்குப் பின் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்டோர்க்குரிய திருப்பணி அதில் முக்கிய இடம் பெற்றது. அடுத்த ஆண்டே புதுவையில் இச்சுவர் இடிந்தது. ஆணை பிறப்பிப்பது எளிது, அருகருகே உட்காரவைப்பது அரிது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டுகின்றன. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைத் தகர்த்தபோது அந்தக் கோயிலே இல்லாமற் போயிற்று. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது.

*

சுவர் இடிந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தபின் 1844ஆம் ஆண்டு வருகிறது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின் புதுவைத் திருப்பணியைப் பாரீசு அந்நிய வேதபோதக சபையார் ஏற்றிருந்தனர். அச்சபையைச் சேர்ந்த பொன்னாந்து ஆண்டகை 1844 சனவரியில் புதுவையில் ஒரு சினோடு கூட்டினார். அது பிப்ரவரி வரை நடந்தது. இந்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பிள்ளைகளுக்குக் கல்வி தருவது ஆகிய இரண்டும் அதன் முதன்மைத் தீர்மானங்கள். அதே ஆண்டில் பெத்தி செமினார் தொடங்கப்பெற்றது. சிறு குருமடமாகப் பிறந்து, பின்னர்ப் பலருக்கும் கல்வி தரும் பள்ளியாக வளர்ந்து, இன்று மேல்நிலைப்பள்ளியாக நடைபெற்று வருகிறது.

அதே 1844 அக்டோபரில் நடந்த இன்னொரு தொடக்கத்தை நாம் இதைவிடப் பெரிதாக மதிக்கிறோம். துப்புயி அடிகள் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையை நிறுவினார். மரியாளின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று அது அறியப்படுகிறது. குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இலேயே புதுவைக்கு வந்து பெண்கல்விப் பணியில் இறங்கியிருந்தனர் என்றாலும், அவர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள். ஊர்ப் பெண்களே ஆசிரியைகளாகி ஊர்ப் பெண்களுக்குக் கற்பிப்பது என்பது வேறு வகையான செயல். அக்காலத்தில் குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்வி மதபேதமின்றி எல்லோரிடமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் அவள் கோயிலில் ஆடுபவளாக இருப்பாள் என்று ஐயுறும் சமுதாயம் அது. அந்த ஐயத்துக்கு நடுவே, மகளைக் காலையில் புறப்படச் செய்து பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரின் துணிச்சலை எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை.

இதே துப்புயி அடிகள் தமிழ் படித்தவர்க்கு வேறொரு வகையிலும் நெருங்கியவர். புதுவை மாதாகோயில் அச்சகத்தின் பொறுப்பிலிருந்து ஏராளமான தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் அவர். முசே அடிகளோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகள் 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. வீரமாமுனிவரின் தேம்பாவணி மூன்று தொகுதிகளாக முதன்முதல் அச்சேறியதும் 1850களின் தொடக்கத்தில் அதே அச்சகத்தில்தான். அகராதியும் காப்பியமும் பிறந்த அதே கூடத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல்களும் வந்தன. அகராதியை நாம் நூலகத்தில் பாதுகாக்கிறோம்; பாடநூல் கிழிந்து போயிற்று. படித்துக் கிழிந்த நூல்தான் அதிகம் பயன்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் சாதியை எதிர்த்துப் போர் தொடுத்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அவர்கள் இணங்கிப் போனார்கள். கோயிலில் தனி இடம், கல்லறையில் தனிப் பகுதி என்று வழக்கம் தொடர்ந்தது. பள்ளி மட்டும் அதற்குத் தப்பியது என்று கொள்ள முடியாது. எனினும் வருகைப் பதிவேடு என்ற ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. கோயிலில் ஒருவன் எங்கே நிற்கிறான் என்பது மட்டுமே கேள்வி; பள்ளியிலோ ஒவ்வொரு நாளும் அவன் பெயரைச் சொல்லி அழைத்தாக வேண்டும். அந்த வேறுபாடு சிறியதன்று.

பெயர் என்றதும் புதுவைக்கே உரிய இன்னொரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1881 செப்டம்பர் ஆணை ஒன்றினால் பிரெஞ்சிந்திய மக்கள் தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்ற வாய்ப்பு ஏற்பட்டது. அவ்வாறு ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைப் பூண்டனர். 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் சென்றதற்காக வெளியேற்றப்பட்டு, பாரீசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னோடி. அவர் ‘லா போர்த்’ என்ற பெயரை ஏற்றார். கதவு என்பது அதன் பொருள். கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் பலர் அந்தக் கதவு வழியாக வெளியேறினர். சாதிப் பட்டம் ஒட்டிய பெயருக்குப் பதில் பிரெஞ்சுப் பெயர் ஒட்டிய பெயர்கள் புதுவைப் பள்ளிகளின் பதிவேடுகளில் இடம்பெறலாயின. இன்றும் புதுவையில் வருகைப் பதிவேட்டை வாசித்தால் அத்தகைய பெயர்கள் இடையிடையே ஒலிப்பதைக் கேட்கலாம். ஒரு பெயர்ப் பட்டியலுக்குள் எத்தனை வழக்குகள் உறங்குகின்றன!

*

நகரத்துக் கதை இது. மேற்கே கொம்யூன்களில் பள்ளியும் சமூகமும் கலந்த விதத்தை அறிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்குப் பருவம் என்பது தேர்வால் மட்டும் அளக்கப்படுவதன்று. அறுவடையாலும் திருவிழாவாலும் அளக்கப்படுவது.

வில்லியனூரில் லூர்தன்னை ஆலயம் 1877இல் எழுந்தது. பிரான்சு நாட்டு லூர்து நகரில் மரியன்னை காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட 1858க்குப் பின் இருபதாண்டுகளுக்குள் அப்பக்தி நெல்வயல்களுக்கு நடுவே வந்து வேர்பிடித்துவிட்டது. அதன் ஆண்டுத் திருவிழா ஈஸ்டரை ஒட்டி வருவது. ஆண்டுத் தேர்வு முடியும் காலமும் அதுவே. எனவே இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிவும் மாதா கோயில் கொடியேற்றமும் ஒரே மூச்சில் வருபவை. சில வாரங்கள் கழித்து அதே ஊரில் திருக்காமீசுவரர் தேர் ஓடும். அத்தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் தொட்டு இழுத்துத் தொடங்கிவைப்பது மரபாக இருந்தது. இணைப்புக்குப் பின் துணைநிலை ஆளுநர்கள் அதைத் தொடர்ந்தனர். மாதா தேருக்கும் ஈசன் தேருக்கும் ஒரே கூட்டம் போகும் ஊரில் வளரும் பிள்ளைக்கு, பள்ளிக் குடிலில் இடையனாக நிற்பதற்குச் சமயம் தடையாக இருப்பதில்லை.

மற்ற நாட்களும் இப்படியே இரட்டை முகம் கொண்டவை. ஆகஸ்டு 15 மரியன்னையின் விண்ணேற்பு விழா. கத்தோலிக்கப் பள்ளியில் அன்று திருப்பலியும் கொடியேற்றமும் அடுத்தடுத்து நடக்கும். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள்; 1954இல் அதே நாளில்தான் புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னதாக, அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. மதகடிப்பட்டுப் பிள்ளைகளின் பாடநூல் மாறியது. பின்னாளில் தமிழகப் பாடத்திட்டமே புதுவைக்கும் காரைக்காலுக்கும் உரியதாயிற்று. ஆனால் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்ற ஓட்டத்தில் குடிலும் பொங்கலும் பரிசளிப்பும் தத்தம் இடத்தில் இருந்துகொண்டே இருந்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுவை ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேருக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய சமுதாயம் இத்தனை பள்ளிகளை நடத்துகிறது என்றால், அவற்றின் வகுப்புகளில் பெரும்பாலோர் பிற சமயத்தவராகத்தான் இருக்க முடியும். மறைக்கல்வி வகுப்பு ஒருபுறம் நடக்கும் வேளையில் மறுபுறம் நன்னெறி வகுப்பு நடப்பது இதனால்தான். இலத்தீன் நாடக விதியும் இந்த மண்ணில் உருமாறிற்று. புதுவையில் 1922இல் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமான சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுள் ஞானசௌந்தரியும் ஒன்று. கத்தோலிக்கர் போற்றிய கதையைச் சைவப் பற்றுடைய ஒருவர் தமிழ் மேடைக்கு எழுதினார்; ஊர் ஊராக எல்லாச் சமயத்தாரும் பார்த்தனர். பள்ளி ஆண்டு விழா மேடை அந்தப் பெரிய மேடையின் சிறிய பிள்ளை. பெண் வேடம் கூடாது என்ற 1599ஆம் ஆண்டு விதியை நம் பெண்கள் பள்ளிகள் தலைகீழாக்கின. அங்கே அரசனும் அமைச்சனும் மீசை வரைந்த சிறுமியரே.

*

இவ்வளவும் சொல்லி மகிழ்ந்து நிறுத்திவிடலாம். அவ்வாறு நிறுத்துவது பருவ முடிவு மடலின் குணம். அது நல்ல செய்திகளை மட்டுமே சொல்லும். வரலாறு அங்கே நிறுத்தக் கூடாது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் பள்ளியிலும் விடுதியிலும் மடத்திலும் கண்டவற்றை அந்நூல் எழுதிற்று. பரிசு பெற்ற பிள்ளையும் அவமதிக்கப்பட்ட பிள்ளையும் ஒருத்தியாகவே இருக்க முடியும் என்பதைத் தமிழ் வாசகர் அந்நூலில்தான் முழுதாக அறிந்தனர். இரண்டாண்டு கழித்து வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, தாழ்த்தப்பட்டோருக்கும் வெளுத்துத் தரும் குடியைச் சேர்ந்த ஆரோக்கியம் என்ற கிறிஸ்தவப் பெண்ணின் வாழ்வைச் சொன்னது. அடுக்குக்குக் கீழே அடுக்கு உண்டு என்பதை நம் நடுநாட்டு மொழியிலேயே எழுதிக் காட்டியது.

2008 மார்ச்சில், புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தமக்குத் தனிப் பங்கு வேண்டுமெனக் கோரினர். ஒரே கோயிலில் சமமாக நடத்தப்படாததே காரணம். மோதல் மூண்டது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சம்பா கோயிலில் சுவரை இடிக்கக் கோரியவர்களின் வழிவந்தோர், 263 ஆண்டுகளுக்குப் பின் தனிக் கோயிலே மேல் என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தனர். இதைவிடக் கசப்பான முரண் நமக்குத் தெரிந்து வேறில்லை.

சட்டமும் இந்த முடிச்சில் ஓர் இழை. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே அப்பட்டியலில் ஏற்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவத் தலித்துகளுக்கு அந்த வாயில் திறக்கவில்லை. ஒரே சேரியிலிருந்து ஒரே பேருந்தில் வந்து ஒரே பலகையில் அமரும் இரு சிறுமியருள் ஒருத்திக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு மற்றவளுக்கு இல்லை. ஊரில் இருவரும் படும் துன்பம் ஒன்றே. இன்னொரு பக்கம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினர்க்கு நூற்றுக்கு 25 இடம் என்ற விதியிலிருந்து இப்பள்ளிகள் அவ்வாறு விலக்குப் பெற்றன. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப் பணித்தது. சிறுபான்மை உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஏழைப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளிக்குச் சட்டத்தின் கட்டாயம் தேவையில்லை. 1844இல் பெண்பிள்ளைகளை உள்ளே அழைத்தபோது எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

*

எனவேதான் பருவ முடிவுத் தாள்களை நாம் பெரிதாகப் பேசுகிறோம். 1048இன் கணக்கு கல்லில் இருப்பதால் நமக்குக் கிடைத்தது. 1745இன் சுவர் ஒரு தனிமனிதரின் நாட்குறிப்பால் தெரிந்தது. இடைப்பட்ட காலத்துப் பள்ளிகளில் எந்தத் தெருவிலிருந்து எந்த ஆண்டு முதல் பிள்ளை வந்தது, எந்த ஆண்டு ஒரு சேரிச் சிறுமியின் பெயர் முதலிடத்தில் வாசிக்கப்பட்டது என்பவற்றைச் சொல்லக்கூடிய தாள்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகின்றன. இன்றைய செய்திகளோ கைப்பேசியில் வந்து, அடுத்த வாரத்து வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைகின்றன. நாலு பக்க மடலாவது பெட்டியடியில் நாற்பதாண்டு கிடந்தது. இதற்கு அந்த ஆயுளும் இல்லை.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் படித்த வாசகர்கள் தத்தம் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். பள்ளி மலர், பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிய சீட்டு, வகுப்பு முழுவதும் நிற்கும் நிழற்படம் எதுவாயினும் அதன் பின்புறம் பெயர்களை இப்போதே எழுதிவைப்பது நலம். முன் வரிசையில் அமர்ந்தவர்களின் பெயர் நமக்கு எளிதில் நினைவுக்கு வரும். கடைசி வரிசையின் ஓரத்தில், பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிறாளே, அவள் பெயரைக் கேட்டறிந்து எழுத வேண்டும்.